வேரோட வரோணும்

மனோன்மணி அன்ரியின் பூவைப் பிடுங்கினவர் என்றுதான் இன்றைக்கும் சனம் அவரைச் சொல்லும். பெயர் சொல்லத் தேவையில்லை. சிட்னியில் கிரவீனிலோ மெரிலேண்ட்ஸிலோ இருக்கிற எந்த யாழ்ப்பாணத்து ஆளுக்கும் அந்த ஒரு வசனம் போதும். செத்த பிள்ளையின் நினைவுக்கு ஒரு தாய் நட்ட கார்த்திகைப்பூவை, அதுதான் செங்காந்தளை, அந்தத் தாய் பார்த்துக்கொண்டு நிற்க, கிழங்கோடு கிளறி எடுத்துக் குப்பைப் பையில் போட்ட மனுசி. அது பொய்யில்லை. நானும் அங்கே நின்றேன். ஆனால் சனம் பாதிக் கதையோடு நிறுத்திவிடும். மிச்சப் பாதிக்குள் தாங்களும் வருகிறார்கள் என்பதால் நிறுத்திவிடும். எனக்கு அவரைப் பிடிக்காது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை சொல்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை "சப்பாத்தைக் காட்டும்" என்பதுதான். வணக்கம் இல்லை, எந்த ஊர் என்ற விசாரிப்பு இல்லை. நான் எங்கள் முதியோர் சங்கத்து வானை ஓட்டிக்கொண்டு போய் இறங்கி, "வணக்கம் அன்ரி" என்று வாயெடுக்க முதல், நான் உம்முடைய அன்ரி இல்லை, சப்பாத்தைக் காட்டும் என்றார். மாட்டுக்கு லாடம் பார்க்கிறவன் முன்னால் நிற்கிறமாதிரி ஒற்றைக் காலில் நின்று காட்டினேன்.

இடம் சிட்னிக்குத் தெற்கே, கடலை முட்டிக்கொண்டு நிற்கிற ஒரு மேட்டு நிலம். மரம் எழும்ப விடாத காற்று. அதனால் எல்லாமே இடுப்பளவுப் புதர்தான், கிலோமீற்றர் கணக்கில். ஹீத் என்று இங்கத்தவர்கள் சொல்லுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த பற்றை. கிட்டப் போனால்தான் தெரியும், ஒவ்வொரு புதரிலும் நகத்தளவு பூ. அதன் நடுவால் கடலைப் பார்த்தபடி ஒரு நடைபாதை. பூங்காக்காரர்கள் அந்தப் பாதையோரம் களை பிடுங்க ஒரு தொண்டர் குழு வைத்திருந்தார்கள். மாதத்து முதல் ஞாயிறு எங்களுடைய முறை. சங்கத்துக்கு அது உலாத்து. ரோல்ஸ், கடலை வடை, பிளாஸ்கில் தேத்தண்ணி. அவருக்கு மட்டும் அது வேலை. முன்பு ஏதோ ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருந்து இளைப்பாறியவர். பூங்கா அதிகாரி அவரை முழுதாக நம்பி, எங்களை அவர் கையில் விட்டிருந்தார்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு இரும்புப் பிரஷ்சும் ஸ்பிரிட் போத்தலும் இருக்கும். மண்ணில் ஒட்டி வருகிற ஒரு வேரழுகல் நோய் உண்டாம். யாருடைய சப்பாத்திலாவது ஒரு உருண்டை மண் வந்தால் போதும், இந்த மண்ணுக்கே உரிய பாங்க்சியாப் புதர்கள் நின்ற நிலையில் கருகும். எல்லோரும் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்றக் குழுக்கள் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போய்விடும். இவர் சட்டைப்பையில் இருந்து ஊசி எடுப்பார். அடிப்பக்கத்துக் கோடுகளுக்குள் ஊசியை விட்டுக் கிளறுவார். இந்த நாட்டுக்குள் வந்த நாளில் எங்கள் எல்லோரிடமும் பனை ஒடியலையும் கறிவேப்பிலையையும் மாங்காய் ஊறுகாயையும் விமான நிலையத்தில் பறித்திருக்கிறார்கள். அந்த எரிச்சலில் அவருக்கு நாங்கள் வைத்த பட்டம் எயார்போர்ட். அவருக்கும் அது தெரியும். கேட்டுவிட்டு, அவங்கள் செய்தது சரிதானே என்றார்.

ஒருமுறை கெல்லிவில்லில் இருந்து ஒரு இந்தியத் தமிழ்த் தம்பி வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. இந்தக் குழுவைப் பற்றி யாரோ சொல்ல, ஆசையாகப் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றோடு வந்தான். "நல்லா கழுவிட்டுத்தாம்மா வந்தேன்" என்றான். அவர் ஊசியால் ஒரு பொட்டு மண் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அவன் காருக்குள் இருந்தான். மத்தியானம் எங்கள் சாப்பாட்டோடு அவனுடைய சோற்றையும் பிரித்தார்கள். அவரும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கார்க் கண்ணாடியைத் தட்டி, சோறு நல்லாயிருக்கு, அடுத்தமுறை சப்பாத்தையும் இந்தளவு கவனமாகச் செய்யும் என்றார். அவன் அடுத்தமுறை வரவில்லை. பாவம், அந்தச் சோற்றுக்காகவாவது விட்டிருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "சோத்தில நோய் வாறேல்லை" என்று பதில் வந்தது.

அதுதான் அவர். ஒன்றைத் தொட்டால் அடிவரைக்கும் போகாமல் விடமாட்டார். களை பிடுங்கும்போது மேலால் இழுத்து முறித்தோமென்றால் வந்து நின்று, நீர் அதுக்குத் தலைமயிர் வெட்டிவிடுகிறீர், வேரோட வரோணும் என்பார். ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கலாம், வேரோட வரோணும், வேரோட வரோணும். வானில் திரும்பி வரும்போது கிழவிகள் அவரைப்போல் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிசரோடும் அப்படித்தான். ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். எதிரே ஒரு தாய். மகள் பேர்த்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அதுதான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே சொன்ன கதை அது. நாங்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டு தலையாட்டினோம். இவர் ஆட்டவில்லை. பேர்த்தில் எந்த இடம் என்று கேட்டார். என்ன கொம்பனி, எவ்வளவு காலம், ஆரோடு இருக்கிறா, போன கிழமை இங்கே பென்டில் ஹில் கடையில் கண்டது அவவைத்தானே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் உயரவில்லை. இடையிடையே அப்பளத்தையும் நொறுக்கினார். பாயசம் வருவதற்குள் அந்தத் தாய், மகள் புருஷனை விட்டுவிட்டு வீட்டோடு வந்து இருக்கிறாள் என்று சொல்லி அழுதுவிட்டது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றுவிட்டு இவர் கை கழுவப் போனார். அதற்குப் பிறகு கொண்டாட்டங்களில் அவர் இருக்கிற மேசை எப்போதும் அரைவாசி காலி.

அவருடைய வீடு கிரவீனில். ஒரேயொரு தடவை போனேன், கையுறைகள் எடுக்க. பின்வளவில் கறிவேப்பிலை இல்லை, முருங்கை இல்லை, ஒரு மல்லிகைக் கொடிகூட இல்லை. தமிழ் ஆளின் வீடென்று நம்ப ஏலாது. எல்லாம் இந்த நாட்டுப் பற்றைகள். ஏன் ஒரு கறிவேப்பிலையாவது வைக்கவில்லை என்று கேட்டேன். கடையில் இருக்கு என்றார். குசினிக்குள் ஒரு கதிரை, ஒரு கோப்பை. புருஷன், பிள்ளை, ஊர் ஒன்றையும் அவர் சொன்னதில்லை. கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஊரெல்லாம் கிளறுகிறவர் தன்னுடையதை மட்டும் ஒருவருக்கும் காட்டமாட்டார். எனக்கு அதுதான் ஆகப் பெரிய எரிச்சல்.

ஆனால் பாதையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆள் மாறிவிடும். புதிதாக யாராவது வந்தால் நடத்திக்கொண்டு போய் இடத்துக்கிடம் நிறுத்துவார். முதலில் சிப்பி ஓடுகள் குவிந்து கிடக்கிற ஒரு சரிவு. இந்த மண்ணின் ஆட்கள் எத்தனையோ தலைமுறை இருந்து சாப்பிட்ட இடம். அவர்கள்தான் இந்தப் புதருக்குத் துண்டு துண்டாக நெருப்பு வைத்து, புதிதாகத் துளிர்க்க வைத்து, இதால் நடந்து பாதை போட்டவர்கள். அவர்களைத் துரத்திவிட்டு மாடு கொண்டுவந்தார்கள். பிறகு ஒரு வளைவில் காலால் மண்ணைத் தட்டிக் காட்டுவார். கீழே கொங்கிறீற். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இந்த நாட்டு இராணுவம் கடலைப் பார்த்துப் பீரங்கி வைக்கப் போட்ட றோட்டு. அதற்கங்கால் பெரிய பள்ளம். மணல் அள்ளுகிறவர்கள் வந்து மேட்டை வாரிக்கொண்டு போய் நகரத்தைக் கட்டினார்கள். நீர் இருக்கிற ஃபிளாட்டும் இந்த மணலாக இருக்கும் என்பார். அள்ளி முடித்துவிட்டு, வெறும் நிலம் பறக்குதே என்று ஆப்பிரிக்காவிலிருந்து மஞ்சள் பூப் பூக்கிற ஒரு புதரைக் கொண்டுவந்து நட்டார்கள். அரசாங்கமே நட்டது. அது இங்கேயிருந்த எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போனது. நாங்கள் மாதாமாதம் பிடுங்குவது அதைத்தான்.

கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் முடிப்பார். வந்த ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லையாம். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்ததாம். மண்ணுக்குக் காரணம் தெரியாதாம். ஒருமுறை ஒரு கிழவர் பகிடியாக, அப்ப நாங்களும் வந்த ஆக்கள்தானே, எங்களை என்ன செய்யப் போறீங்கள் என்று கேட்டார். "அதுக்குத்தானே சப்பாத்தைக் கழுவச் சொல்லுறன்" என்றார் இவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

மனோன்மணி அன்ரி இந்தக் குழுவுக்கு வந்ததே எல்லோருக்கும் ஆச்சரியம். எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் ஏலாது, குனிய முடியாது. மெரிலேண்ட்ஸில் மகளோடு ஒரு ஃபிளாட்டில் இருந்தார். களை பிடுங்க வராமல், பாதையின் இரண்டாவது வளைவில் கடலைப் பார்த்தமாதிரி இருக்கிற ஒரு கல்லில் இருந்துகொள்ளுவார். எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். அந்தக் கல்தான் வேண்டும், வேறு இடம் சரிவராது. வானில் எப்போதும் எனக்குப் பக்கத்துச் சீற். அதனால் அவருடைய கதை எனக்கு முதலே தெரியும். மகன் சீலன் பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவன். கடைசிச் சண்டையில் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். உடம்பு இல்லை, குழி இல்லை, நாள்கூட நிச்சயமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, கார்த்திகையில், மண்டபத்தில் வரிசையாகப் படங்கள் வைத்து விளக்கேற்றுவார்கள். அந்த வரிசையில் அவனுடைய படமும் இருக்கும். மனோன்மணி அன்ரியை முன்வரிசையில் இருத்தி, சால்வை போர்த்தி, தாய் என்று மரியாதை செய்வார்கள். மற்ற நாட்களுக்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

ஃபிளாட்டின் பல்கனியில் சட்டியில் கார்த்திகைப்பூ வளர்த்திருக்கிறார். மாவீரரின் பூ என்று எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வீட்டில் அது இருக்கும். அந்தக் கொடி முழுக்க நஞ்சு. பேரப்பிள்ளை இலையை வாயில் வைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, திரும்பி வந்த கையோடு மகள் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டாள். அன்ரி கிழங்கை மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருந்தார். பிறகு சங்கத்து உலாத்து ஒன்றில் இந்தப் பாதைக்கு வந்தபோது, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தாட்டுவிட்டார். காற்றும் மணலும் கடலும் எங்கட பக்கம் மாதிரியே இருந்ததடி பிள்ளை என்று என்னிடம் சொன்னார். நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் வானில் வருகிற எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. போகும்போது ஒவ்வொருத்தரும் தண்ணீர்ப் போத்தலில் கொஞ்சம் மிச்சம் வைத்து அந்தக் கல்லடியில் ஊற்றிவிட்டு வருவார்கள்.

ஊரில் அது மாரி மழைக்குப் பூக்கும். இங்கே தை மாத வெயிலுக்குப் பூத்தது. அந்தப் பச்சையும் சாம்பலுமான பற்றைக்குள், சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்புப் பற்றினமாதிரி. மறைக்க ஏலாது. நாங்கள் வளைவுக்கு வர முதலே எயார்போர்ட் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் களை தோண்டுகிற ஒடுங்கின கத்தி.

சுற்றி நின்று எல்லோரும் கெஞ்சினோம். இது என்ன பூ என்று உங்களுக்குத் தெரியாதா என்று ஒரு அன்ரி கேட்டா. தெரியும் என்றார். இந்தக் கடற்கரை மணலில் இது பிடித்தால் மஞ்சள் புதரைவிட மோசம், வடக்கே முழு மேடுகளையே மூடிவிட்டது, ஒரு விரல்நுனித் துண்டு கிடந்தாலும் முளைக்கும் என்றார். நான் சட்டியில் வைத்து என் வீட்டில் வளர்க்கிறேன், அப்படியே தாருங்கள் என்றேன். விதையைக் குருவி கொண்டுபோகும் என்றார். இது ஒரு பிள்ளைக்காக வைத்த பூ என்று இன்னொருத்தர் குரல் உடைந்து சொன்னார். அவர் அதையும் கேட்டுவிட்டு, முழங்காலை ஊன்றி மணலைக் கிளறத் தொடங்கினார்.

அவசரமே இல்லை. விரலால் மணலை வழித்து வழித்து, கிழங்கு முழுதாகத் தெரியும்வரை. கலப்பைக் கிழங்கு என்று ஊரில் சொல்லுவோமே, அந்த இரண்டு கவட்டோடு, முறியாமல் வந்தது. பூவையும் கொடியையும் சுருட்டி அதோடு சேர்த்துக் கறுப்புப் பைக்குள் வைத்தார். கிழவிகள் சிலர் அழுதார்கள். ஒருத்தி மண்ணை அள்ளி எறியாத குறையாகத் திட்டினா. மனோன்மணி அன்ரி மட்டும் ஒரு பாங்க்சியாப் புதருக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவர் எழும்பிப் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு மனோன்மணி அன்ரியைப் பார்த்தார்.

"எத்தினை தாட்டனீங்கள், அக்கா?"

"ஒண்டுதான்."

"உங்களுக்கு முழங்கால் ஏலாது. வந்த உடனே கல்லில இருக்கிற ஆள். இண்டைக்கு இவ்வளவு நேரமா நிக்கிறீங்கள். ஏன் நிக்கிறீங்கள்?"

மனோன்மணி அன்ரி சேலையை இழுத்து இன்னும் விரித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போதும், விடுங்கோ, எடுத்தது காணும் என்று சத்தம் போட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மரியாதை ஒரு துளி குறையாமல், அக்கா கொஞ்சம் விலகுங்கோ என்றார். விலகவில்லை. மறுபடி சொன்னார். மறுபடியும். கல்யாண வீட்டில் அப்பளம் நொறுக்கிய அதே குரல்.

கடைசியில் விலகினார். பின்னால், புதரின் நிழலில், இன்னும் பூக்காத ஒரு கொடி. இலைநுனி சுருண்டு பாங்க்சியாக் கொப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது ஆருக்கு?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் வந்திருக்காது. ஒரு கிழங்கு இரண்டாகியிருக்கும் என்று நினைத்திருப்போம். மனோன்மணி அன்ரி அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், எங்களைப் பார்த்தல்ல.

"மூத்தவன். நந்தன். அவனை எங்கட இயக்கப் பெடியள்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். துரோகி எண்டு சுட்டுப்போட்டு, அழக்கூடாது எண்டும் சொல்லிப்போட்டுப் போனவங்கள். அதுக்குப் பிறகுதான் சின்னவன் அவங்களோடயே போனவன்."

அழுதுகொண்டிருந்தவர்களின் அழுகை நின்றுவிட்டது. அவ்வளவு சனத்தில் ஒருவர், ஐயோ என்று ஒரு சொல், ஒன்றும் இல்லை. ஆளையாள் பார்க்காமல் கடலைப் பார்த்தார்கள். அந்தப் பெயரை முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தாய் வெளியில் சொல்லாமல் இருந்திருக்கிறார். மண்டபத்து முன்வரிசையில் சால்வையோடு இருந்த நாட்களிலும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதைத்தான் இந்த மனுசி எல்லோர் முன்னாலும் தோண்டி வெளியே போட்டது. நந்தன் என்று அவர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், மனதில் வைத்துக்கொள்ளுகிறமாதிரி. பிறகு குனிந்து அந்தக் கிழங்கையும் எடுத்தார்.

அன்றைக்கு வானில் நான் கண்டதை இனித்தான் சொல்ல வேண்டும். காலையில் மனோன்மணி அன்ரியைச் சுற்றிச் சுற்றி இருந்த சனம், திரும்பும்போது பின்சீற்றுகளில் நெருங்கி இருந்துகொண்டது. அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை வெறுமை. ஒருவரும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. வழிநெடுக எயார்போர்ட்டைத் திட்டினார்கள், கல்நெஞ்சுக்காரி, பிள்ளை பெறாதவள் என்று வாய்க்கு வந்தபடி. கிரவீனில் இறங்கும்போது மனோன்மணி அன்ரிக்குப் போட்டு வாறன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர்.

அந்த வருஷக் கார்த்திகையில் அவரைக் கூட்டிப்போக ஒரு காரும் வரவில்லை. வரவேண்டாம் என்றும் எவரும் சொல்லவில்லை, அதுதான் கெட்டித்தனம். மறந்துபோச்சாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் இடம் இல்லை. பின்னால், செருப்புக் கழற்றுகிற வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடைத்தது. சீலனின் படத்துக்கு யாரோ ஒரு சின்னப் பிள்ளை விளக்கேற்றியது. அந்தப் பிள்ளைக்கு அவன் யாரென்றே தெரியாது. பூவைப் பிடுங்கிய கதையை அன்றைக்கும் அந்த மண்டபத்துக்குள் கண் கலங்கச் சொல்லிக்கொண்டு நின்றார்கள், பூவின் சொந்தக்காரி வாசலடியில் இருக்க. இந்தச் சனத்தை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

வெயில் காலம் தொடங்கியதும் எயார்போர்ட் மெரிலேண்ட்ஸ் ஃபிளாட் வாசலில் போய் நின்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படியும் துண்டு மிச்சம் கிடக்கும், இந்த வருஷம் முளைக்கும், நீங்கள் தாட்ட இடம் உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும், வந்து பாருங்கோ என்றாராம். மனோன்மணி அன்ரி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவருடைய காரில் ஏறிவிட்டார். எனக்கு அது கேள்விப்பட்டபோது பொறுக்கவில்லை. உங்களுக்கு ரோஷம் இல்லையா, அந்த மனுசியோடு ஏன் போறீங்கள் என்று கேட்டேன்.

"அவ எண்டாலும் ரெண்டு பேரின்ர பேரையும் சொல்லுறா பிள்ளை" என்றார்.

அது உண்மைதான், நான் என் காதால் கேட்டேன். அவருக்கு அவை இடப்பெயர்கள் ஆகிவிட்டன. சீலனில் ஒன்றும் இல்லை, துப்பரவு. நந்தனில் இன்னும் ஒருக்கால் பார்க்கோணும். பாதையோரத்துக் கொங்கிறீற் றோட்டு, மணல் பள்ளம் என்று சொல்லுகிற அதே மாதிரி. பூங்கா அதிகாரியிடமும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வெள்ளைக்காரனும் நந்தன் என்று நாக்கு உளற உளறச் சொல்லித் தலையாட்டினான். இதில் இரக்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்ததென்று சொல்லுகிறவர்கள் உண்டு. கூட நின்றவள் நான், எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. வானில் வந்தது நான், மனோன்மணி அன்ரி, இரண்டு கிழவர்கள், அவ்வளவுதான். சப்பாத்துகளை ஊசியால் பார்த்தார், அன்ரியுடையதையும். வளைவுக்குப் போனோம். பாங்க்சியாப் புதரின் அடியில், மணலைத் தள்ளிக்கொண்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முளை நின்றது.

எங்கள் எல்லோருக்கும் முதல் மனோன்மணி அன்ரி அதைக் கண்டுவிட்டார். முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு, முழங்காலை மடக்க ஏலாமல் மடக்கி, என் தோளைப் பிடித்து மணலில் இருந்தார். அந்தத் துளிரை ஒற்றை விரலால் தடவினார்.

"இவன் அப்பவும் இப்பிடித்தான். சொன்னாக் கேக்க மாட்டான்" என்றார்.

எயார்போர்ட் கறுப்புப் பையை எடுத்து வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். இன்றைக்கு ஒருநாள் விடுங்கோ, அடுத்தமுறை எடுக்கலாம் என்றேன். உண்மையாகக் கெஞ்சினேன். என் கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்தார். பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கிழவர்கள் இரண்டு பேரும் மெதுவாக நகர்ந்து போய்விட்டார்கள். பிறகு மனோன்மணி அன்ரி தானாகவே கையை மணலுக்குள் விட்டார். முளையைப் பிடித்து இழுத்தார். அடியில் ஒரு துண்டுக் கிழங்கோடு வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மணலை ஊதித் துடைத்தார், பைக்குள் வைத்தார்.

எயார்போர்ட் பையை மூடவில்லை. அந்தக் குழிக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் நிக்குது, அக்கா. தோண்டுங்கோ."

மனோன்மணி அன்ரி கண்ணைத் துடைத்துவிட்டுத் தோண்டினார்.